கடிபட்ட பிறகும் காதல்: ஜாம்பி குறும்படம் எடுக்க ஒரு முழுமையான வழிகாட்டி

ஜாம்பி படத்தில் பயமுறுத்துவது சுலபம். இருட்டான நடைபாதை, பின்னால் ஓர் உறுமல், திடீரென்று நீளும் ஒரு கை. பார்ப்பவர் துள்ளிவிடுவார், அடுத்த நாள் மறந்தும் விடுவார். நேற்றுவரை பெயர் சொல்லிக் கூப்பிட்டவர் இன்று கழுத்தைத் தேடி வருகிறார், அப்படியும் அந்த வீட்டை விட்டுக் கிளம்ப மனசு வரவில்லை என்று ஒரு பாத்திரம் உட்கார்ந்திருந்தால், அந்தப் படம் எளிதில் விட்டுப்போகாது.

இந்த வகைப் படங்களுக்கு இந்த வலி பழசுதான். 1968ல் ஜார்ஜ் ரொமேரோ எடுத்த 'நைட் ஆஃப் தி லிவிங் டெட்' படத்தில், நிலவறைக்குள் ஜாம்பியாக மாறிய மகளே தாயைக் கொல்கிறாள். மகளைத் திருப்பி அடிக்க அந்தத் தாய்க்குக் கை எழவில்லை. படம் முழுக்க வரும் கூட்டத்தைவிட எனக்கு அந்தக் காட்சிதான் கொடூரம். குறும்படம் எடுப்பவர்களுக்கு இதில் ஒரு நல்ல செய்தி இருக்கிறது: உங்களுக்கு நூறு ஜாம்பிகள் வேண்டாம், ஒன்று போதும். அந்த ஒன்றை யாரோ ஒருவர் உயிராக நேசித்திருக்க வேண்டும்.

முதல் கட்டம்: அன்புக்கு ஒரு வேலை கொடுங்கள்

கதை எழுத உட்கார்ந்ததும் பெரும்பாலானவர்கள் தொற்று எப்படிப் பரவியது என்று யோசிப்பார்கள். அதைக் கொஞ்சம் தள்ளிவையுங்கள். முதலில் முடிவு செய்ய வேண்டியது, இந்த இருவருக்கும் நடுவே தினமும் நடந்த ஒரு சின்ன வேலை. தலை வாரிவிடுவது, மாத்திரை எடுத்துக் கொடுப்பது, ஷூ லேஸ் கட்டிவிடுவது, நகம் வெட்டிவிடுவது. 'அவர் அவளை மிகவும் நேசித்தார்' என்பதைக் கேமராவால் படம் பிடிக்க முடியாது. நகம் வெட்டுவதைப் பிடிக்கலாம்.

நல்ல வேலையை எப்படிக் கண்டுபிடிப்பது? என்னுடைய சோதனை இதுதான்: கடிபடுவதற்கு முன்னால் அது சாதாரணமாக இருக்க வேண்டும், கடிபட்ட பிறகு அதுவே உயிருக்கு ஆபத்தாக மாற வேண்டும். தலை வாரும்போது பின்னால் நிற்கலாம், ஆபத்து குறைவு. நகம் வெட்ட வேண்டுமென்றால் கையைப் பிடித்தே ஆக வேண்டும், முகத்துக்கு முகம் உட்கார வேண்டும். தவிர, ஜாம்பியின் நகம் ஓர் ஆயுதம். ஆக, நகம் வெட்டுவது பாசமும்தான், தற்காப்பும்தான். எது எவ்வளவு என்று அந்தப் பாத்திரத்துக்கே தெரியாது. இப்படி ஒரு வேலை கிடைத்துவிட்டால் பாதித் திரைக்கதை முடிந்தது.

இந்த வழிகாட்டி முழுக்க அதையே உதாரணமாக வைத்துக்கொள்வோம். வயதான ஒரு தம்பதி. மனைவிக்கு விரல் மூட்டுகள் வீங்கி நகவெட்டியைப் பிடிக்க முடியாது. ஞாயிற்றுக்கிழமை காலையில் கணவர்தான் வெட்டிவிடுவார். "ஏங்க, கட்டைவிரல்ல மெதுவா" என்பாள் அவள். "மெதுவாத்தான் வெட்டுறேன்" என்பார் அவர். வேறு ஊரில் இருக்கும் மகள், எப்படியாவது வந்துவிடுகிறேன் என்று போனில் சொல்லியிருக்கிறாள். அவ்வளவுதான் கதையின் முதலீடு.

பக்தி என்று வரும்போது கண்ணப்பரை நினைத்துப் பாருங்கள். கண்ணைப் பெயர்த்துக் கொடுத்தார் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் அந்தக் கதையை நம்ப வைப்பது, இரண்டாவது கண்ணைப் பெயர்க்கும் முன் அவர் இறைவனின் கண்மேல் காலை ஊன்றிக்கொள்வது. பார்வை போன பிறகு இடம் தெரிய வேண்டுமே! அவ்வளவு பெரிய தியாகத்தின் நடுவிலும் ஒரு வேலைக்காரனின் கணக்கு இருக்கிறது. உங்கள் பாத்திரத்துக்கும் அப்படி ஒரு நடைமுறைக் கணக்கு வேண்டும். கண்ணீரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

இரண்டாம் கட்டம்: ஜாம்பிக்கு மூன்று விதி, அதற்குமேல் வேண்டாம்

கடிபட்டு எவ்வளவு நேரத்தில் மாறுவார்கள்? மாறியவர்களை எது ஈர்க்கும், சத்தமா, வாசனையா, அசைவா? அவர்களுக்குள் ஏதாவது மிச்சம் இருக்கிறதா? இந்த மூன்றுக்கும் விடை எழுதிவையுங்கள். வைரஸ், ஆய்வுக்கூடம், செய்தி வாசிப்பாளர் எல்லாம் குறும்படத்துக்குத் தேவையில்லாத சுமை.

விதி எதுவானாலும் அது உறவை உரசிப் பார்க்க வேண்டும். சத்தம் அவர்களை உசுப்பும் என்று வைத்தால், மனைவியோடு பேசிக்கொண்டே இருக்கும் பழக்கம் உள்ள கணவர் இனி வாயை மூட வேண்டும். நேரத்தை விதியாக வைப்பதும் பலமானது. 2013ல் ஆஸ்திரேலியாவில் பென் ஹவ்லிங், யோலாண்டா ராம்கி இருவரும் எடுத்த 'கார்கோ' குறும்படம் ஏழு நிமிடம்தான். கடிபட்ட அப்பாவுக்கு நேரம் ஓடிக்கொண்டிருக்கிறது, முதுகில் கைக்குழந்தை. மாறிய பிறகும் தான் நடந்துகொண்டே இருக்க வேண்டும் என்பதற்காகக் கண்ணுக்கு முன்னால் ஒரு கோலில் இறைச்சியைத் தொங்கவிட்டுக்கொள்கிறார். ஜாம்பியின் பசி என்ற விதியையே குழந்தையைக் காப்பாற்றும் வாகனமாக்கிவிட்டார். வசனம் ஏதும் இல்லாமலே அந்த அப்பா யார் என்று தெரிந்துவிடுகிறது. 2017ல் அதே இருவர் அதை முழுநீளப் படமாகவும் எடுத்தார்கள்.

மூன்றாவது கேள்வியில், அதாவது 'உள்ளே ஏதாவது மிச்சம் இருக்கிறதா' என்பதில், கொஞ்சம் நிதானம் வேண்டும். இருக்கிறது என்று அடித்துச் சொன்னால் திகில் போய்விடும். இல்லவே இல்லை என்றால் காதல் வெறும் பைத்தியக்காரத்தனமாகத் தெரியும். விடை உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும், படத்தில் சொல்லாதீர்கள்.

மூன்றாம் கட்டம்: திரைக்கதை

ஒரு பக்கம் ஒரு நிமிடம் என்ற கணக்கில் பத்துப் பக்கம் போதும். அதில் ஒரே காட்சி மூன்று முறை வரட்டும். மூன்று ஞாயிறு, மூன்று நகம் வெட்டல்.

முதல் ஞாயிறு சாதாரணம். இருவர் முழங்காலும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. அவள் தொணதொணக்கிறாள், அவர் பதில் சொல்கிறார். கடைசி விரலுக்கு முன்னால் வெளியே ஏதோ சத்தம். இந்தக் காட்சிக்கு இரண்டு நிமிடமாவது கொடுங்கள். அவசரப்பட்டு வெட்டிவிட்டால் பிறகு இழப்பு என்று ஒன்று இருக்காது.

இரண்டாம் ஞாயிறு அவள் மாறிவிட்டாள். கட்டிலில் துணியால் கட்டியிருக்கிறார். கையில் தடித்த கையுறை, கழுத்தைச் சுற்றிக் கம்பளி. அவர் நகவெட்டியை எடுக்கும்போதுதான் நமக்கே புரிகிறது, இந்த மனிதர் நாள் கணக்கை விடவில்லை. கட்டைவிரலுக்கு வரும்போது அவர் வாயில் அதே வாக்கியம்: "மெதுவாத்தான் வெட்டுறேன்." அவள் எதுவும் சொல்லவில்லை. சொல்லாத புகாருக்குப் பதில் சொல்கிறார். இந்த ஒரு வரிக்காகத்தான் முதல் காட்சியில் அந்தப் பேச்சை நட்டுவைத்தோம்.

மூன்றாம் ஞாயிறு அறைக் கதவின் இடைவெளி வழியாக அவள் கை மட்டும் நீண்டு பிராண்டுகிறது. அவர் கையைப் பிடிக்கிறார். பிராண்டல் நிற்கிறது. விரல்கள் மெல்ல விரிகின்றன, நகம் வெட்டக் கொடுப்பதுபோல. நினைவா, பழகிய தசையின் வேலையா, அடுத்த பாய்ச்சலுக்கு முந்தைய இடைவெளியா? யாருக்கும் தெரியாது. அவர் கையுறையைக் கழற்றுகிறார்.

இந்த விரல் விரிவது படத்தில் ஒரே ஒரு முறைதான் நடக்க வேண்டும். ஜாம்பியின் கண்ணில் நீர் வழிவது, பழைய பாட்டைக் கேட்டு அமைதியாவது, பெயரை முனகுவது எல்லாம் எழுதும்போது இனிக்கும். ஒன்றுக்குமேல் வைத்தால் அவள் ஜாம்பியாக இருக்க மாட்டாள், நோயாளியாகிவிடுவாள்.

முடிவு எப்படி? அழுதுகொண்டே சுடுவதும், அணைத்துக்கொண்டு தானும் கடிபடுவதும் நிறையப் பார்த்தாகிவிட்டது. அவற்றை நான் வேண்டாம் என்று சொல்வதற்குக் காரணம், அந்த இரண்டும் எந்த ஜோடிக்கும் பொருந்தும். உங்கள் முடிவு உங்கள் படத்தில் வந்த வேலையிலிருந்து பிறக்க வேண்டும். நம் கதையில் கையுறையைக் கழற்றிய கணவர் கீறல்படுகிறார். மகள் வந்துகொண்டிருக்கிறாள் என்பது அவருக்கு ஞாபகம் வருகிறது. அதே நகவெட்டியால் தன் நகங்களை ஒட்ட வெட்டத் தொடங்குகிறார். கதவை உட்புறம் தாழிட்டுவிட்டு, வெளியே வாசலில் ஒட்ட ஒரு காகிதமும் எழுதியிருப்பார். அந்தக் காகிதத்தில் என்ன இருக்கிறது என்பதை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள், ஆனால் மூன்று சொல்லுக்குமேல் போகாமல்.

எழுதி முடித்ததும் ஒரு கேள்வி கேளுங்கள்: அவர் செய்வதெல்லாம் அவளுக்காகவா, அவளில்லாமல் இருக்கத் தெரியாத தனக்காகவா? ஒரு காட்சியிலாவது இந்தச் சந்தேகம் பார்ப்பவருக்கு வர வேண்டும். பற்று சில சமயம் கொடுமையும்தான். கட்டிவைத்து, பட்டினி போட்டு, 'நான் உன்னைப் பார்த்துக்கொள்கிறேன்' என்பவரை நாம் முழுசாகப் பாராட்டவும் முடியாது, திட்டவும் முடியாது. அந்த இடம்தான் உங்கள் படத்தின் உயிர்நிலை.

நான்காம் கட்டம்: நடிகர்கள்

ஜாம்பியாக நடிப்பவரைவிட உயிரோடு இருப்பவராக நடிப்பவருக்குத்தான் அதிக ஒத்திகை தேவை. அவர் நகவெட்டியை நாற்பது வருடமாகப் பிடித்தவர் மாதிரி பிடிக்க வேண்டும். இருவரையும் உட்காரவைத்து, வசனம் இல்லாமல், அந்த வேலையை மட்டும் திரும்பத் திரும்பச் செய்யச் சொல்லுங்கள். எந்த விரலில் தொடங்குவார், வெட்டிய துண்டுகளை எங்கே போடுவார், அவள் எப்போது கையை இழுத்துக்கொள்வாள் என்பதெல்லாம் தானாக வரும். வந்ததைத் திரைக்கதையில் சேருங்கள்.

மாறிய பிறகு உள்ள உடல்மொழிக்கு ஒரு வழி: பாத்திரத்தின் பழைய குறையை எடுத்துப் பெரிதாக்குங்கள். மூட்டுவலியால் விரலை மடக்க முடியாமல் இருந்தவள், மாறிய பிறகும் அப்படியே விறைத்த விரலோடு இருக்கட்டும். எல்லா ஜாம்பியும் காலை இழுத்துக்கொண்டு நடக்க வேண்டும் என்று சட்டமில்லை. இவள் இவளாகவே கெட்டுப்போக வேண்டும்.

பாய்வது, கடிப்பது, கழுத்தைப் பிடிப்பது எல்லாம் எண்ணிக்கை வைத்து மெதுவாகப் பழகிய பிறகுதான் வேகம். பிடிபடுகிறவர்தான் அசைவை நடத்த வேண்டும், பிடிப்பவர் விசை கொடுக்கக் கூடாது. உடனே நிறுத்த ஒரு சொல் வைத்துக்கொள்ளுங்கள். 'விடு', 'ஐயோ' எல்லாம் காட்சியிலேயே வரக்கூடியவை, அதனால் சம்பந்தமில்லாத ஒரு சொல்லாக இருக்கட்டும்.

ஐந்தாம் கட்டம்: மேக்கப்

மூன்று நிலையாகப் பிரியுங்கள்: நலம், காய்ச்சல், மாறிய பிறகு. காய்ச்சல் நிலையைப் பலர் தாண்டிவிடுகிறார்கள். கிளிசரின் கலந்த தண்ணீரைத் தெளித்து வியர்வை, உதட்டில் வெளிர் நிறம், கண்ணுக்குக் கீழே கொஞ்சம் ஊதாவும் பழுப்பும். காதல் கதைக்கு இந்த நிலைதான் மிக முக்கியம், ஏனென்றால் அவள் அவளாக இருக்கும் கடைசி நேரம் இது.

மாறிய பிறகு, இயல்பான நிறத்தைவிட ஒன்றிரண்டு படி வெளிறிய அடிப்பூச்சு, அதன்மேல் சாம்பல் அல்லது பச்சைச் சாயல், மெல்லிய தூரிகையால் நீல ஊதா நரம்புகள். தோல் உரிந்த தோற்றத்துக்குத் திரவ லேடெக்ஸை (ரப்பர் பால்) தடவி, மெல்லிய டிஷ்யூ தாளை ஒட்டி, காய்ந்ததும் கிழித்துவிடுவது பழைய முறை. லேடெக்ஸ் சிலருக்கு ஒவ்வாது. முந்தின நாளே முன்கையின் உட்பக்கத்தில் கொஞ்சம் தடவி 24 மணி நேரம் பாருங்கள். புருவம், முடி உள்ள இடங்களில் முதலில் வாசலின் தடவாவிட்டால் கழற்றும்போது முடியும் சேர்ந்து வரும். கண்ணுக்கு அருகே கொண்டுபோகவே வேண்டாம்.

கண்ணில் வெள்ளை லென்ஸ் போடும் ஆசை எல்லோருக்கும் வரும். கண் மருத்துவர் அளவெடுக்காத அலங்கார லென்ஸ் கருவிழியைக் கீறி, தொற்று வரை கொண்டுபோகும். எடிட்டிங்கில் கண்ணை மட்டும் மாஸ்க் போட்டு வெளிறச் செய்துவிடலாம், டாவின்ச்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளின் இலவசப் பதிப்பிலேயே அது முடியும்.

ரத்தத்துக்குக் கார்ன் சிரப் அல்லது கெட்டியான சர்க்கரைப் பாகு, சிவப்பு உணவு நிறம், ஒரு சொட்டு நீலம், ஒளி ஊடுருவாமல் இருக்கக் கொஞ்சம் கோகோ தூள். ரொமேரோ தன் கருப்பு வெள்ளைப் படத்துக்குச் சாக்லேட் சிரப்பையே ரத்தமாக்கினார். புது ரத்தம் பளீரென்றும், மணிக்கணக்கான காயம் பழுப்பாகக் காய்ந்தும் இருக்க வேண்டும். பாகு பிசுபிசுக்கும், எறும்பும் வரும், துணியில் கறை போகாது. ரத்தம் படும் உடையில் அதே மாதிரி மூன்று வைத்திருங்கள்.

நம் கதைக்கென்று ஒரு தலைவலி உண்டு: நகம். ஒரு டேக்கில் வெட்டியது அடுத்த டேக்குக்கு வளர்ந்துவிடாது. ஒட்டும் செயற்கை நகங்களை முன்கூட்டியே மஞ்சளும் பழுப்புமாகத் தீட்டி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கைக்கு ஐந்து, ஐந்து டேக் என்றால் 25. பசை காயும் நேரத்தையும் அட்டவணையில் சேருங்கள்.

ஆறாம் கட்டம்: படப்பிடிப்பு

கதை வரிசையில் எடுக்காதீர்கள், மேக்கப் நிலை வரிசையில் எடுங்கள். நலமான காட்சிகள் எல்லாம் முதலில், பிறகு காய்ச்சல், கடைசியில் மாறியது. ஒவ்வொரு நிலை முடிந்ததும் முகம், கை, உடை மூன்றையும் போட்டோ எடுத்துவையுங்கள். கன்டினியூட்டி, அதாவது ஷாட்டுக்கு ஷாட் தோற்றம் மாறாமல் இருப்பது, உங்கள் நினைவை நம்பி இருக்கக் கூடாது.

எந்தக் கேமரா என்பதைப் பற்றி அதிகம் யோசிக்க வேண்டாம். வினாடிக்கு 24 அல்லது 25 ஃபிரேம், ஷட்டர் வேகம் வினாடியில் ஐம்பதில் ஒரு பங்கு, அவ்வளவுதான். ஷட்டரை வேகமாக்கினால் அசைவுகள் வெட்டி வெட்டித் தெரியும். துரத்தலுக்கு அது நன்றாக இருக்கும், நகம் வெட்டும் காட்சியில் வேண்டாம். அங்கே மூன்று ஞாயிறும் ஒன்றுபோலத் தெரிய வேண்டும்: அதே லென்ஸ், அதே உயரம், அதே இடம். ட்ரைபாட் கால்கள் நின்ற இடத்தைத் தரையில் டேப் ஒட்டிக் குறித்துக்கொள்ளுங்கள். முதலில் ஒட்டியிருந்த முழங்கால்கள், பிறகு நடுவே கட்டில் விளிம்பு, பிறகு கதவு. ஃபிரேம் மாறாமல் தூரம் மட்டும் வளரும்போது பிரிவு கண்ணுக்கே தெரிகிறது.

வெளிச்சத்தை மேலும் மேலும் இருட்டாக்கிக்கொண்டே போக வேண்டியதில்லை. ஞாயிறு காலை வெயில் மூன்றாம் முறையும் அப்படியே ஜன்னலில் விழட்டும். வெளிச்சத்தில் நடக்கும் பயங்கரத்துக்கு ஒளிந்துகொள்ள இடமில்லை, நடிகரும் மேக்கப்பும் தாங்குவார்கள் என்றால் அதற்குத் துணியுங்கள்.

விரல் விரியும் ஷாட்டை முதலில் அகலமாக எடுங்கள், அப்புறம் குளோஸ்-அப். குளோஸ்-அப்பில் கணவரின் முகமும் தனியாக வேண்டும். அவர் எதிர்வினைக்கு வசனம் கொடுக்காதீர்கள், மூச்சு மட்டும் போதும். வெளியே படப்பிடிப்பு என்றால் அக்கம்பக்கத்தாருக்கும் காவல் நிலையத்துக்கும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ரத்தம் தோய்ந்த ஆள் தெருவில் நடந்தால் யாராவது பயந்து உதவிக்கு ஓடி வருவார்கள்.

ஏழாம் கட்டம்: ஒலி

நகவெட்டியின் 'டிக்' தான் இந்தப் படத்தின் இசை. அதை மைக்குக்கு மிக அருகே தனியாக, பல வேகத்தில் பதிவு செய்யுங்கள். மூன்றாம் ஞாயிறு அது நின்றுபோகும்போது பார்ப்பவர் மூச்சைப் பிடித்துக்கொள்வார். ஒவ்வொரு அறையிலும் யாரும் பேசாமல் ஒரு நிமிட அமைதியையும் பதிவு செய்யுங்கள், இல்லாவிட்டால் வெட்டிய இடமெல்லாம் ஓட்டையாகக் கேட்கும்.

ஜாம்பியின் குரலை இணையத்தில் கிடைக்கும் உறுமலால் நிரப்பாதீர்கள். அதே நடிகையே டப்பிங்கில் கொடுக்கட்டும். மூச்சை உள்ளே இழுத்தபடி எழுப்பும் ஒலி மனிதருக்கும் மற்றதற்கும் நடுவே இருக்கும். தொண்டைக்கு அது கஷ்டம், சில வினாடிகளாகப் பிரித்து, தண்ணீர் குடிக்கவைத்து எடுங்கள். குரலின் அடியில் பழைய தொணதொணப்பின் ஏற்ற இறக்கம் லேசாக ஒட்டியிருந்தால், கணவர் ஏன் பதில் சொல்கிறார் என்பது விளக்காமலே புரியும். வயலின் போடும் ஆசையை இந்தக் காட்சியில் அடக்கிக்கொள்ளுங்கள்.

எட்டாம் கட்டம்: எடிட்டிங், காட்டிப் பார்த்தல்

திடுக்கிட வைக்கும் வெட்டு ஒன்று இருக்கலாம், படத்தின் முதல் பாதியில். அது ஒருமுறை நடந்துவிட்டால் பிறகு எல்லா அமைதியிலும் பார்ப்பவர் அடுத்ததை எதிர்பார்த்துக்கொண்டே இருப்பார். அந்த எதிர்பார்ப்போடுதான் அவர் விரல் விரிவதைப் பார்க்க வேண்டும். ஷாட்டை நீங்கள் வசதியாக உணரும் நேரத்தைவிடக் கூடுதலாக ஓடவிடுங்கள்.

முதல் வெட்டு தயாரானதும் ஒலியை முழுக்க அணைத்துவிட்டு ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். கதை புரிந்தால் சரி. புரியாவிட்டால் குறை பெரும்பாலும் முதல் ஞாயிறில் இருக்கும். பிறகு கதை தெரியாத நாலைந்து பேருக்குக் காட்டி, 'நல்லாருக்கா' என்று கேட்காமல், 'அவள் ஏன் விரலை விரித்தாள்?' என்று மட்டும் கேளுங்கள். எல்லோரும் ஒரே பதிலைச் சொன்னால் அந்த ஷாட்டில் ஏதோ அதிகமாகச் சொல்லிவிட்டீர்கள், கொஞ்சம் குறையுங்கள். இரண்டு பேர் ஒருவரோடு ஒருவர் வாதாட ஆரம்பித்தால் கையை வைக்காதீர்கள்.

விழாக்களுக்கு அனுப்புவதானால் நீளத்தைக் கவனியுங்கள். ஆஸ்கர் விதியில் குறும்படம் என்பது பெயர்ப் பட்டியலோடு சேர்த்து 40 நிமிடம் வரை, ஆனால் பல விழாக்களின் வரம்பு அதைவிடக் குறைவு. நம் கதைக்குப் பன்னிரண்டு நிமிடத்துக்குமேல் அவசியமே இல்லை. பயன்படுத்திய இசைக்கு எழுத்து வடிவில் அனுமதி வாங்கிவிடுங்கள், தமிழ் தெரியாதவர்களுக்கு சப்டைட்டில் போடுங்கள். "மெதுவாத்தான் வெட்டுறேன்" என்ற வரி இரண்டு இடத்திலும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாகவே சப்டைட்டிலில் வரவேண்டும் என்று மொழிபெயர்ப்பவரிடம் தனியாகச் சொல்லுங்கள்.